பன்றிக்கு வைக்கிற கம்பி



வழமையாக இந்தப் பக்கத்தில் பிள்ளைகளின் போஷாக்கு, குடிதண்ணீர், சேமலாப நிதிப் படிவம் என்று எழுதி வருகிறோம். இந்த முறை வேறொரு விஷயம். லயத்துக்குப் பின்னால், மரக்கறிப் பாத்தி முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், ஒற்றையடிப் பாதையின் குறுக்கே ஒரு துண்டுக் கம்பி வளையமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். பார்த்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். கட்டினவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். யார் கட்டினது என்று இங்கே கேட்கப் போவதில்லை. ஆகவே பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரை வாசியுங்கள். வாசிக்க முடியாத பெரியவர்களுக்கு வீட்டிலுள்ள பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும்.

முதலில் எங்கள் கண்ணால் கண்டதைச் சொல்லிவிடுகிறோம். சில வருஷங்களுக்கு முன்னர் நாங்கள் கடமையாற்றிய ஒரு தோட்டத்தில், காலையில் பேரட்டுக் களத்திலிருந்து பெண்கள் மலைக்குப் போய் அரை மணி நேரம் ஆகியிருக்காது, கூக்குரல் போட்டுக்கொண்டு திரும்பி ஓடி வந்தார்கள். ஓடைக் கரையில் ஒரு சவுக்கு மரத்தடியில் சிறுத்தை ஒன்று கம்பியில் மாட்டியிருந்தது. இடுப்பைச் சுற்றிக் கம்பி இறுகியிருந்தது. நாங்கள் போய்ச் சேரும்போது நூறு பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். கையில் போன் இல்லாதவர் இல்லை. ஒருவர் தோளில் சின்னப் பிள்ளையையும் தூக்கி வைத்துக்கொண்டு கிட்டப் போய்ப் படம் எடுக்கிறார். சனம் சத்தம் போடப் போட அந்த மிருகம் பாய்கிறது, பாயப் பாயக் கம்பி உள்ளே இறங்குகிறது. வனஜீவராசிகள் அதிகாரிகள் வந்தார்கள். மிருக வைத்தியர் வந்து சேர மத்தியானம் கடந்துவிட்டது. மயக்க ஊசி போட்டுக் கம்பியை அறுத்துக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் அது செத்துப்போனதாகச் செய்தி வந்தது.

பிறகு பொலிஸ் வந்தது. பாத்திக்குச் சொந்தக்காரரையும் அவருடைய மச்சானையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் காலை அந்த மனிசி கைப்பிள்ளையோடு எங்கள் காரியாலயத்து வாசலில் வந்து நின்றா. "ஐயா, பன்னிக்குத்தான் வச்சாரு. புலிக்கு வைக்கல்லங்க. வேணும்ன்னா சாமி மேல சத்தியம் பண்றேன்" என்று அழுதா. பொய் சொல்லவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் நீதிமன்றத்தில் கேட்கப்படுவது என்ன மாட்டியது என்பதுதான். மனதில் எதை நினைத்துக் கட்டினீர்கள் என்பது பிறகுதான். அவர் விளக்கமறியலிலிருந்து வெளியே வருவதற்குள் காதுத் தோடு அடகுக்குப் போனது, மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் நின்றது, தோட்டத்தில் அவருடைய பெயர் வெட்டுப்பட்டது.

அந்தப் பாத்தியையும் நாங்கள் போய்ப் பார்த்தோம். அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். மரவள்ளியும் வற்றாளையும் நட்டிருந்த இடம், கலப்பை போட்டு உழுதது மாதிரிக் கிடந்தது. ஒரே இரவில் பன்றிக் கூட்டம் செய்த வேலை. 2021ஆம் ஆண்டு பசளை இல்லாமல் கொழுந்து குறைந்ததும், 2022ஆம் ஆண்டு அரிசி, மா, காஸ் எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்றதும் யாருக்கும் மறந்திருக்காது. அந்தக் காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் கிடைத்த துண்டு நிலத்தைக் கொத்தி எதையாவது நட்டுத்தான் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டார்கள். பன்றித் தொல்லையைப் பற்றி அந்தத் தோட்டத்தில் நாங்கள் எழுதிக் கொடுத்த கடிதம் எந்த மேசையில் கிடந்ததோ, அது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கேட்க ஆள் இல்லாதபோது மனிதன் கம்பியைத் தேடுவான். அது எங்களுக்கு விளங்காமல் இல்லை.

ஆனால் அந்தக் கம்பி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் மோட்டார் சைக்கிளின் பழைய பிரேக் கேபிள் அல்லது கிளச் கேபிள். ஒரு முனையில் சுருக்கு, மறுமுனை மரத்திலோ வேரிலோ கட்டு. வளையத்துக்குள் தலை போனால் இறுகும். இழுத்தால் இன்னும் இறுகும். தானாகத் தளராது. பன்றி கழுத்தைக் கொடுக்கும் என்றுதான் கட்டுகிறவர் நினைக்கிறார். சிறுத்தை உடம்பை நெளித்து நுழைகிற மிருகம், தலையும் முன்னங்காலும் வளையத்தைத் தாண்டிப் போய் இடுப்பில் மாட்டிக்கொள்ளும். மணிக்கணக்காக இழுத்ததில் வெளியே தோல் கிழியாவிட்டாலும் உள்ளே சதையும் குடலும் நசிந்துபோகும். அறுத்து விட்ட பிறகு எழுந்து நடக்கிற சிறுத்தைகூட இரண்டு மூன்று நாளில் சாவது இதனால்தான். கம்பிக்குப் பன்றி எது, கேளையாடு எது, பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி எது என்ற பேதம் கிடையாது. விறகுக்குப் போன பெண்ணின் கால் மாட்டி விழுந்ததையும் நாங்கள் கண்டிருக்கிறோம். லயத்து நாய்கள் மாட்டிச் செத்ததற்குக் கணக்கே இல்லை.

2020ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் திகதி நல்லதண்ணி பகுதித் தோட்டமொன்றில், மரக்கறிப் பாத்தி ஓரத்துக் கம்பியில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கழுத்திலே கம்பி. மயக்கி எடுத்து உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். 29ஆம் திகதி செத்துப்போனது. கருஞ்சிறுத்தை என்பது வேறு இனம் அல்ல, நம்ம சிறுத்தைதான். பிறப்பிலேயே தோலில் கறுப்பு மிகுந்து வருவது. வெயிலில் உற்றுப் பார்த்தால் உள்ளே புள்ளிகள் தெரியும். இலங்கையில் அப்படி ஒன்றைக் காண்பதே மிக அபூர்வம். அதுவும் பன்றிக்கு வைத்த கம்பியில்தான் போனது.

"புலி செத்தா நமக்கென்ன? நம்மளக் கடிக்கிற சாமான்தானே" என்று சிலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டியிருக்கிறது.

நம்ம பாட்டன் பூட்டன் இந்த மலைக்கு நடந்து வந்தபோது இங்கே தேயிலை இல்லை. காடு இருந்தது. காட்டை வெட்டிக் கோப்பி நட்டார்கள். வெட்டியது யாருடைய கை என்று சொல்ல வேண்டியதில்லை. 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869ஆம் ஆண்டு கோப்பி இலையில் துரு நோய் கண்டது. பத்து இருபது வருஷத்தில் கோப்பி அழிந்து, அந்த நிலத்துக்கெல்லாம் தேயிலை வந்தது. அந்த நாளில் இந்த மலைகளில் யானையும் இருந்தது. பதுளையில் உத்தியோகம் பார்த்த மேஜர் ரொஜர்ஸ் என்ற வெள்ளைக்காரர் ஒருவரே 1,400 யானைக்கு மேல் சுட்டார் என்று சொல்லப்படுகிறது. (1845ஆம் ஆண்டு அப்புத்தளையில் மின்னல் அடித்து அவர் செத்தார். யானையின் சாபம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நாங்கள் அதற்குச் சாட்சி இல்லை.) காட்டை இப்படியே வெட்டினால் ஆறு வற்றும் என்று பயந்துதான், 5,000 அடிக்கு மேலே உள்ள காட்டைத் தொடக் கூடாது என்று 1870களில் வெள்ளைக்காரர்களே கட்டுப்பாடு போட்டார்கள். சிவனொளிபாத மலைக் காடும் ஹோர்ட்டன் சமவெளியும் இன்றைக்கு மிஞ்சியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் காட்டுப் பக்கத்துத் தண்ணீர்தான் மஸ்கெலியா ஓயாவாகவும் கெஹெல்கமு ஓயாவாகவும் இறங்கிக் களனி கங்கையாகிறது. மவுசாக்கலையும் காசல்ரீயும் நிறைவது அந்தத் தண்ணீரால்தான். 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ இந்த இரண்டு காட்டையும் நக்கிள்ஸ் மலையையும் சேர்த்து உலக மரபுரிமை என்று அறிவித்தது.

யானை போய்விட்டது. சிறுத்தை போகவில்லை. பெரிய காட்டுக்கும் பெரிய காட்டுக்கும் நடுவிலே நம்ம தேயிலை, தேயிலைக்கு நடுவிலே ஓடைக் கரைக் காடு, கல்லுமலைக் காடு, விறகு மரத் தோப்பு, கைவிட்ட மலையில் மண்டிக் கிடக்கிற மானாப்புல். இவைதான் அதற்கு வீடும் பாதையும். மலைநாட்டுத் தோட்டங்களில் தானாகப் படம் எடுக்கிற கமரா வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், சிறுத்தை இங்கே வழி தவறி வருவதில்லை, இங்கேயே குடியிருந்து குட்டியும் போடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். நாடு முழுவதும் வளர்ந்த சிறுத்தைகள் ஆயிரத்துக்கும் குறைவு என்றுதான் மதிப்பிடுகிறார்கள். அதிலே ஒரு பங்கு நம்ம லயத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

அது என்ன சாப்பிடுகிறது? மரை, கேளையாடு, முள்ளம்பன்றி, முயல், குரங்கு, பன்றிக் குட்டி. கொம்பன் பன்றியைச் சிறுத்தை சுலபத்தில் நெருங்காது. குட்டிகளையும் இளம் பன்றிகளையும்தான் பிடிக்கும். காட்டுப்பன்றி ஒரு ஈத்தில் நாலும் ஐந்தும் அதற்கு மேலும் போடுகிற சாதி. சிறுத்தைக்கு ஒரு ஈத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. அதையும் தாய் ஒன்றரை வருஷம் கூடவே வைத்து வளர்க்க வேண்டும். ஆகவே கம்பியில் இரண்டு பன்றி போனால் அடுத்த வருஷமே ஈடாகிவிடும். ஒரு தாய்ச் சிறுத்தை போனால் அந்த மலைக்கு இன்னொன்று வர எத்தனை வருஷம் ஆகுமோ. மரவள்ளியைத் தின்கிறவனைக் குறைக்க நினைத்து, அவன் குட்டியைப் பிடிக்கிற மிருகத்தை நாம் கொல்கிறோம். பன்றித் தொல்லை முழுவதையும் சிறுத்தை தீர்த்து வைக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. அது இல்லாமல் போனால் இன்னும் மோசமாகும், அவ்வளவுதான்.

இனி பயத்தைப் பற்றி. கொழுந்து பறிக்கிற பெண்களைச் சிறுத்தை தாக்கிய சம்பவங்கள் நம்ம மலைநாட்டில் நடந்திருக்கின்றன. "அப்பிடி ஒன்னும் செய்யாது" என்று காரியாலயத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்வது லேசு. முதுகிலே கூடையோடு புதருக்குள் கையை விடுகிறவளுக்குத்தான் தெரியும். அனேகமாக நடப்பது இப்படி: பகலில் தேயிலைக்குக் கீழே நிழலில் படுத்திருக்கும், நாம் தெரியாமல் மிதிக்கிற தூரத்துக்குப் போய்விடுவோம், அது வெருண்டு பிறாண்டிவிட்டு ஓடும். ஆகவே காட்டு ஓரத்து மலையில் இறங்கும் முன் கங்காணிமார் தடியால் செடியைத் தட்டி, சத்தம் கொடுத்து, இரண்டு நிமிஷம் பொறுத்து ஆட்களை இறக்க வேண்டும். இரண்டு நிமிஷம் போனால் கொழுந்து குறைந்துவிடாது. இதைத் துரைமாரிடமும் நாங்கள் சொல்லித்தான் வருகிறோம். தனியாக ஓரத்து நிரைக்குப் போகாதீர்கள். எதிரே கண்டால் ஓட வேண்டாம், குனியவும் வேண்டாம். அதைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்னுக்கு வாருங்கள். செடிக்கடியில் பூனைக்குட்டி மாதிரி குட்டிகளைக் கண்டால் தூக்காதீர்கள், படம் எடுக்கவும் நிற்காதீர்கள். தாய் பக்கத்தில் இருக்கும், அல்லது இரவு வந்து வேறிடத்துக்குக் கொண்டுபோகும். அன்றைக்கு அந்த மலையை விட்டு வேறு மலையில் கொழுந்து எடுக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

காயம்பட்டால் உடனே சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், மஞ்சளும் கோப்பித் தூளும் அப்ப வேண்டாம். வேலை நேரத்தில் நடந்தது என்றால் தோட்டத்து விபத்துப் புத்தகத்தில் எழுதுவித்து, பொலிசிலும் முறைப்பாடு போட்டு, கிராம உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள். நட்டஈடு கேட்கப் போகும்போது இந்தக் கடதாசிகள் இல்லாமல் அலைந்தவர்கள் எங்களுக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

லயத்துக்குள் சிறுத்தை வருவது முக்கியமாக நாய்க்காக. நாய் பெருகுவது நாம் கொட்டுகிற சோற்றாலும் கோழிக் கழிவாலும். குப்பையைக் கானுக்குள் கொட்டினால் நாய் வரும், பன்றியும் வரும், இரண்டுக்கும் பின்னால் சிறுத்தையும் வரும். ராத்திரியில் நாயை இஸ்தோப்பில் கட்டிப்போடாமல் உள்ளே அடையுங்கள். கன்றையும் ஆட்டையும் நாலு பக்கமும் மூடின கொட்டிலில் கட்டுங்கள். இதற்குப் பெரிய செலவில்லை.

பன்றிக்கு என்ன செய்வது? அதுதானே உங்கள் கேள்வி. எங்களிடம் மந்திரம் இல்லை. சலூனிலிருந்து தலைமுடி கொண்டுவந்து தூவினால் வராது என்கிறார்கள். ஒரு கிழமைக்கு வரவில்லை, பிறகு வந்துவிட்டது. நாங்கள் பார்த்ததில் கொஞ்சமாவது பலன் தந்தது, பாத்திகளை ஒன்றாகச் சேர்த்து அடைத்ததுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 அடிக்கு 30 அடி பாத்தி ஒன்றை அடைக்க 120 அடி வேலி வேண்டும். நாலு வீட்டார் நாலு இடத்தில் தனித்தனியாகப் போட்டால் 480 அடி. அதே நாலு பாத்தியையும் ஒட்டினாற்போல ஒரே சதுரமாகப் போட்டால் 240 அடி போதும். பாதிச் செலவு. லயத்துக் கூரையிலிருந்து கழற்றின பழைய தகரத்தை அரை அடி மண்ணுக்குள் இறக்கி நிறுத்தினால் பன்றி மூக்கை விட்டுக் கிளப்பக் கஷ்டப்படும். கிளிரிசீடியா வளர்கிற உயரமாக இருந்தால் நெருக்கமாக நட்டு உயிர்வேலி போடலாம். பாத்திக்கும் காட்டுக்கும் நடுவில் ஒரு பத்தடிக்கு மானாப்புல்லை வெட்டி வெளியாக்கி வையுங்கள், பதுங்கி வர இடமிருக்காது. கிழங்கு வகையை லயத்துக்குக் கிட்டவும், பன்றி அவ்வளவாகத் தொடாததைக் காட்டுப் பக்கமும் நடுங்கள். இதற்குமேல், கிழங்கு முற்றுகிற மாதத்தில் முறை வைத்து இரண்டு இரண்டு பேராகக் காவல் இருந்தார்கள் ஒரு தோட்டத்தில். தூக்கம் கெட்டதுதான், ஆனால் அந்தப் போகம் வீட்டுக்கு வந்தது.

மின்சாரக் கம்பியில் கொழுவி வேலி போடுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் மனிதரும் சாகிறார்கள், சில இடங்களில் போட்டவரே செத்திருக்கிறார். கட்டுத்துவக்கும் ஹக்கபட்டாசும் அப்படித்தான்.

ஓடைக் கரைக் காட்டைப் பற்றியும் இரண்டு வார்த்தை. விறகுக்கு ஆள் போவதை நாங்கள் தடுக்க முடியாது, காஸ் விற்கிற விலைக்கு. விழுந்த கொப்பையும் கவ்வாத்துக் குச்சியையும் எடுங்கள். ஊற்றுக் கண்ணைச் சுற்றி நிற்கிற பச்சை மரத்தை வெட்டாதீர்கள். பங்குனி மாதத்தில் பீலியில் தண்ணீர் நூலாக வரும்போது யாரும் அந்த மரத்தை நினைப்பதில்லை. சிறுத்தைக்கு வீடாக இருப்பதும் நம்ம குடத்துக்குத் தண்ணீர் தருவதும் ஒரே காடுதான்.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி சிறுத்தையைக் கொல்வதும், அதன் தோல், பல், நகம், இறைச்சி வைத்திருப்பதும் குற்றம். செத்துக் கிடந்ததிலிருந்து ஒரு நகத்தைப் பிள்ளையின் அரைஞாணில் கட்டினாலும் குற்றம்தான். கம்பியில் உயிரோடு ஒன்றைக் கண்டால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், அல்லது எங்களுக்கோ தோட்டத்துக் காரியாலயத்துக்கோ சொல்லுங்கள். சொன்னவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பயந்து பேசாமல் வந்துவிடாதீர்கள். மிருக வைத்தியர் வரும்வரை சனத்தைத் தூரத்தில் நிறுத்துவதுதான் நாம் செய்யக்கூடிய பெரிய உதவி. கம்பி அறுந்தாலோ மரம் பிடுங்கிக்கொண்டாலோ அது முதலில் பாய்வது கிட்ட நிற்கிறவர் மேல்தான்.

வருகிற மாதம் முதலாவது ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் காரியாலயத்துக்கு முன்னால் கூடுகிறோம். ஓடைக் கரையோரமாக மேல் பிரிவு வரைக்கும் நடந்து, கண்ட கம்பியையெல்லாம் அறுத்து எடுத்து வருவது உத்தேசம். கம்பி அறுக்கிற குறடு இரண்டு எங்களிடம் இருக்கிறது, வைத்திருப்பவர்கள் இன்னும் ஒன்றிரண்டு கொண்டுவந்தால் நல்லது. அதற்கு முன்னமே தாங்களாகக் கழற்றுகிறவர்கள் காரியாலயத்து வெளித் திண்ணையில் வைத்திருக்கும் தகரப் பெட்டிக்குள் ராத்திரியில் போட்டுவிட்டுப் போகலாம். பெயர் எழுதமாட்டோம், விளக்கும் போடமாட்டோம். கட்டுத்துவக்கைக் கண்டால் மட்டும் யாரும் தொடாதீர்கள், இடத்தைச் சொன்னால் போதும். நடக்க வருகிறவர்கள் சப்பாத்துப் போட்டு, கையில் ஒரு தடியும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டு வாருங்கள். அட்டைக்குச் சவர்க்காரத் துண்டு நாங்கள் தருகிறோம். மழை பிடித்தால் அடுத்த ஞாயிறு.